மும்பை உப்புக்காத்துல எந்த பழைய கார் தாங்கும்? நாலு வண்டிய லிஃப்ட்ல ஏத்தி பாத்த கதை

போன ஜனவரி கடைசியில தங்கச்சி வீட்டுக்காரர் போன் பண்ணி, "மச்சான், 4 லட்சம் ரெடியா இருக்கு, ஒரு செகண்ட் ஹேண்ட் கார் எடுக்கணும், பத்து வருஷமாச்சும் ஓடணும், எது நல்லா இருக்கும்"னு கேட்டாரு. மைலேஜ் என்ன, எத்தன பேர் போவீங்கனு எதுவும் கேக்கல, நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "மாப்ள, வண்டிய எங்க நிப்பாட்டுவீங்க?" வாஷியில, கடல் தண்ணி ஏறி இறங்குற க்ரீக் பக்கத்து பில்டிங், கவர்டு பார்க்கிங் கிடையாது, தண்ணி இறங்குற நேரம் சேத்து வாடை வீட்டுக்குள்ளயே வரும்னாரு. அப்போ இன்ஜின் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல தகரம் பத்தி பேசுவோம்னு சொல்லிட்டேன். ஏன்னா இந்த ஊர்ல இன்ஜின் செத்து காயலான் கடைக்கு போற வண்டிய விட, இன்ஜின் நல்லா இருக்கும்போதே பாடி இத்துப்போய் போற வண்டிங்க எவ்வளவோ பாத்துட்டேன்.

நானே அடிபட்டவன். 2013ல கடலோரத்துல இருக்குற வெர்சோவாவுல ஒருத்தர்கிட்ட ஒரு சின்ன ஹேட்ச்பேக் எடுத்தேன், கம்பெனி பேரு இங்க வேண்டாம், அந்த வண்டி மேல எனக்கு கோவமும் இல்ல. அஞ்சே வருஷ வண்டி, 31,000 கிலோமீட்டர்தான், பெயிண்ட் கண்ணாடி மாதிரி மினுங்குச்சு. ரெண்டாவது மழைக்காலத்துல பின்னாடி உக்காந்த பொண்ணு, "அப்பா, கால் ஈரமாவுது"னு சொன்னா. கண்ணாடி திறந்திருந்துச்சு போலன்னு விட்டுட்டேன். மறுபடி சொன்னா. ஞாயித்துக்கிழம சீட்ட கழட்டி கார்பெட்ட தூக்கிப் பாத்தா, அடியில இருக்குற ஸ்பான்ஜ் பிழிஞ்சா தண்ணி ஊத்துது, அதுக்கு கீழ ஃப்ளோர் தகரம் செங்கல் கலர்ல செதில் செதிலா உரியுது. ஸ்க்ரூட்ரைவர வச்சு லேசா அமுத்துனேன், அழுத்தம் கூட கொடுக்கல, நேரா ரோட்டுக்கு போயிருச்சு. அந்த ஓட்டை வழியா கீழ சிமெண்ட் தரை தெரிஞ்சத என்னால இன்னிக்கும் மறக்க முடியல, ஏன்னா அதுக்கு மேலதான் புள்ள ஒன்ற வருஷமா உக்காந்து ஸ்கூலுக்கு போயிட்டு இருந்துச்சு. அன்னையிலேர்ந்து யாரு கார் வாங்கப்போனாலும் நான் முதல்ல குனிஞ்சு அடியில பாக்குற ஆளா மாறிட்டேன்.

இங்க துரு ஏன் இவ்வளவு வேகமா ஏறுதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லிடுறேன், அது புரிஞ்சாதான் எந்த வண்டி, ஏன்னு புரியும். இரும்பு துருப்பிடிக்க தண்ணியும் காத்துல இருக்குற ஆக்சிஜனும் போதும், உப்பு சேந்தா அந்த தண்ணி கரண்ட்ட நல்லா கடத்தும், வேலை பல மடங்கு வேகமா நடக்கும். இதுல நெறய பேருக்கு தெரியாத ஒரு விஷயம் இருக்கு. கடல் காத்துல வந்து படியுற உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டினாலே தானா தண்ணிய இழுத்து கரைஞ்சு போகும், சாதாரண சமையல் உப்புக்கே அந்த குணம் உண்டு, மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுறது அதனாலதான். மும்பையில ஜூலை மாச சராசரியே 80க்கு மேல. அப்போ மழை விட்டு ரெண்டு நாள் ஆனாலும், வண்டி காஞ்சு போச்சுன்னு நம்ம நினைச்சாலும், அடியில உப்பும் புழுதியும் ஒட்டுன இடம் காயவே இல்ல. வெளிநாட்டுல பனி கரைய ரோட்ல உப்பு கொட்டுறாங்க, அங்க குளிர்காலம் முடிஞ்சா உப்பும் முடிஞ்சுது. நமக்கு அப்படி இல்ல, வர்லி சீ ஃபேஸ்லயோ மரின் டிரைவ்லயோ ஹை டைட் நாள்ல வண்டி நிப்பாட்டி பாருங்க, மறுநாள் காலையில விண்ட்ஷீல்ட தொட்டு நாக்குல வச்சா கரிக்கும்.

இதுக்கு எதிரா ஃபேக்டரில என்ன பண்றாங்கன்னா மூணு அடுக்கு. முதல்ல பாஸ்பேட் குளியல், அப்புறம் முழு பாடியையும் தொட்டியில முக்கி கரண்ட் கொடுத்து ஒட்ட வைக்கிற சிஇடி ப்ரைமர், அது ஒரு 20 மைக்ரான் இருக்கும், அதுக்கு மேல கலர், கிளியர் கோட். இதெல்லாம் இப்ப எல்லா கம்பெனியும் செய்றதுதான். வித்தியாசம் எங்க வருதுன்னா தகரத்துலயே ஜிங்க் பூசியிருக்கா இல்லையாங்கறதுல. கால்வனைஸ்ட் தகரம்னா பக்கத்துக்கு வெறும் 7, 10 மைக்ரான் ஜிங்க்தான் இருக்கும், தலைமுடி தடிமன்ல ஏழுல ஒரு பங்கு. ஆனா அந்த ஜிங்க் வெறும் மூடி கிடையாது. பெயிண்ட்ல கீறல் விழுந்து இரும்பு வெளிய தெரிஞ்சா கூட, பக்கத்துல இருக்குற ஜிங்க் முதல்ல கரைஞ்சு இரும்ப காப்பாத்தும். வெறும் பெயிண்ட் மட்டும் இருந்தா கீறல்ல துரு ஆரம்பிச்சு பெயிண்டுக்கு அடியிலயே புத்து மாதிரி ஓடும், துரு இரும்ப விட பல மடங்கு இடத்த அடைக்கும், அதனாலதான் பெயிண்ட் கொப்புளமா எழும்புது. கொப்புளம் வெளிய ஒரு ரூபா காசு அளவு தெரிஞ்சா உள்ள உள்ளங்கை அளவு போயிருக்கும்னு வச்சுக்கோங்க.

வண்டி கனமா இருந்தா துருப்பிடிக்காதுன்னு ஒரு நம்பிக்கை நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, "பத்ரா ஸ்ட்ராங் அண்ணாச்சி"னு கதவ தட்டி காட்டுவாங்க, பத்ரான்னா தகரம். கனத்துக்கும் துரு ஆரம்பிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல, தடி தகரம் ஓட்டை விழ லேட் ஆகும், அவ்வளவுதான். பேட்ஜும் அப்படித்தான். போர்ஷே 911க்கு 1976 மாடல்லேர்ந்தே ஜிங்க் பூசுன பாடி வந்துருச்சு, ஆடி 100ல 1985 வாக்குல முழு பாடியும் கால்வனைஸ்ட் பண்ணாங்க, இந்த ரெண்டும் அந்த காலத்து வண்டிங்க இன்னும் ரோட்ல இருக்குறதுக்கு பெரிய காரணம். ஆனா அதே ஜெர்மனிலேர்ந்து வந்த மெர்சிடிஸ் டபிள்யூ210, 90கள்ல வந்த அந்த ரெண்டு ரெண்டு உருண்டை லைட் வச்ச இ கிளாஸ், துருவுக்கு பேர் போன வண்டி, முன்னாடி ஸ்பிரிங் உக்கார்ற இடமே இத்து உடைஞ்சுது. இத்தாலியில லான்சியா பீட்டா, 1980ல பிரிட்டன்ல இன்ஜின தாங்குற சப்ஃப்ரேம் துருப்பிடிச்சு கம்பெனியே வண்டிய திரும்ப வாங்க வேண்டி வந்துச்சு, அந்த கெட்ட பேர்லேர்ந்து அவங்க அங்க மீளவே இல்ல. பேர பாக்காதீங்க, அந்த மாடல் அந்த வருஷம் எப்படி செஞ்சாங்கன்னு பாருங்க.

சரி, மாப்ளக்கு வருவோம். ரெண்டு வாரம் தேடி நாலு வண்டி லிஸ்ட்ல வந்துச்சு.

முதல்ல அவருக்கு பிடிச்சது நெரூல்ல இருந்த 2018 சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், எம்ஹெச் 43 நம்பர், ஒரே ஓனர், 38,000 ஓடினது. நாலுலயும் புதுசு அதுதான், தங்கச்சி கூட கலர் நல்லா இருக்குன்னா. நான் கையில எப்பவும் வச்சிருக்குற ஃப்ரிட்ஜ் காந்தத்த மெல்லிசு துணியில சுத்தி கதவோட கீழ் ஓரம், சக்கரத்துக்கு மேல இருக்குற வீல் ஆர்ச், கதவுக்கு கீழ இருக்குற ரன்னிங் போர்டுன்னு ஓட்டிட்டு வந்தேன். பின்னாடி இடது ஆர்ச்ல காந்தம் வழுக்கி கீழ விழுந்துச்சு. அங்க மேல இருந்தது தகரம் இல்ல, பட்டி. டென்டிங்காரன் துருவ சுரண்டி எடுத்துட்டு பட்டி வச்சு தேச்சு மேல பெயிண்ட் அடிச்சிருக்கான், நம்ம ஊர்ல டிங்கரிங்னு சொல்றோமே அதுதான், வேல சுத்தமா இருந்துச்சு, கண்ணால பாத்தா கண்டுபிடிக்கவே முடியாது. பக்கத்துல இருந்த கேரேஜ் பையன்கிட்ட பெயிண்ட் மீட்டர் இருந்துச்சு, மத்த இடத்துல 110, 120 மைக்ரான் காட்டுது, அந்த ஆர்ச்ல 900. ஃபேக்டரி பெயிண்ட்னா 80லேர்ந்து 150க்குள்ள இருக்கணும். 2018 வண்டிக்கு அதுக்குள்ள பட்டின்னா உள்பக்கம் எந்த நிலைமையில இருக்கும்னு யோசிங்க. ஓனர் நல்ல மனுஷன், மறைக்கல, கடலோர பில்டிங்ல மூணாவது வருஷமே கொப்புளம் வந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு சொன்னாரு. அவர் மேல தப்பு இல்ல. ஆனா இந்த மாதிரி பட்ஜெட் வண்டிங்கள்ல எந்த எந்த பேனலுக்கு ஜிங்க் தகரம் போட்டாங்கன்னு மாடலுக்கு மாடல் மாறும், வெளிய தெரியுற பேனலுக்கு போட்டுட்டு ஃப்ளோருக்கு வெறும் தகரம் விடுறதும் உண்டு, வாங்குறவனுக்கு அது தெரிய வழியே இல்ல. அப்போ க்ரீக் ஓரத்துலேர்ந்து வந்து க்ரீக் ஓரத்துக்கே போகப்போற வண்டிக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது நாசிக் நம்பர் இன்னோவா, எம்ஹெச் 15, 2012 டீசல். இத நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். இன்னோவா, பொலேரோ, ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டிங்களுக்கு கீழ தனியா லேடர் ஃப்ரேம் இருக்கு, லாரி மாதிரி, பாடி அது மேல உக்காந்திருக்கு. ஹேட்ச்பேக், செடான் எல்லாம் மோனோகாக், பாடிதான் எலும்புக்கூடு, ரன்னிங் போர்டு இத்துப்போச்சுன்னா அது அழகு பிரச்சினை கிடையாது, மோதினா உயிர் பிரச்சினை. லேடர் ஃப்ரேம்ல இரும்பு சில மில்லிமீட்டர் தடிமன், சாதா பாடி தகரம் 0.7, 0.8 மில்லிமீட்டர்தான், அதனால ஃப்ரேம் ஓட்டை விழ ரொம்ப வருஷம் எடுக்கும். ஆனா ஃப்ரேமோட பாக்ஸ் மாதிரி மூடுன பகுதிக்குள்ள சேறு போய் உக்காந்தா வெளிய வராது, உள்ளேர்ந்து அரிக்கும். அமெரிக்காவுல டொயோட்டா டகோமா, டன்ட்ரா, செக்கோயா மூணுக்கும் இதுதான் நடந்துச்சு, இன்ஜின் அடிச்சாலும் சாகாது, ஃப்ரேம் இத்துப்போச்சு, 2016ல 340 கோடி டாலர் வரைக்கும் மதிப்புள்ள செட்டில்மெண்ட்டுக்கு டொயோட்டா ஒத்துக்கிச்சு, ஏறத்தாழ 15 லட்சம் வண்டி அதுல வந்துச்சு. அது வேற வண்டி, வேற ஊரு, அந்த பழிய இன்னோவா மேல போட முடியாது. டொயோட்டான்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்னு சொல்றவங்களுக்காக சொல்றேன், இன்ஜின் நம்பிக்கை வேற, தகரத்து நம்பிக்கை வேற.

அந்த நாசிக் வண்டிய லிஃப்ட்ல ஏத்தி சின்ன சுத்தியால ஃப்ரேம முழுக்க தட்டிட்டே வந்தோம், நல்ல இரும்பு "டங்"குன்னு மணி மாதிரி சத்தம் கொடுக்கும், இத்த இரும்பு "டொப்"புன்னு செத்த சத்தம் கொடுக்கும். எல்லா இடத்துலயும் டங்குதான். பாடி ஃப்ரேம் மேல உக்கார்ற பாடி மவுண்ட் பக்கத்துல மேலாக செம்மண் கலர் இருந்துச்சு, வயர் ப்ரஷ் போட்டா போற துரு. நாசிக் வெயிலும் வறண்ட காத்தும் நல்லா வச்சிருந்துச்சு. அப்புறம் ஏன் வேண்டாம்னேன்னா, 15 வருஷம் முடிய கொஞ்ச காலம்தான் பாக்கி, அப்புறம் ஆர்சி ரினிவல், ஃபிட்னெஸ், க்ரீன் டாக்ஸ், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மறுபடி மறுபடி. ரினிவல் ஃபீஸ் மட்டுமே 2022 ஏப்ரல்ல 600லேர்ந்து 5,000க்கு ஏத்திட்டாங்க. ரெண்டு பேரும் ஒரு குழந்தையும் போற வீட்டுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய டீசல். ஏழு பேர் இருக்குற குடும்பமா இருந்தா அந்த வண்டிய விட்டிருக்கவே மாட்டேன், அத இப்பவும் சொல்றேன்.

மூணாவது யாரோ ஆசை காட்டின பழைய லக்ஷுரி செடான், பாடியில பாதிக்கு மேல அலுமினியம். அலுமினியம் துருப்பிடிக்காதுன்னாங்க. செந்துரு வராது, உண்மைதான், ஆனா இரும்பு போல்ட் தொடுற இடத்துல ஈரமும் உப்பும் சேந்தா இங்க கரையறது அலுமினியம், வெள்ளைப் பொடி பூக்கும், பானட் ஓரத்துல பெயிண்ட் கொப்புளிக்கும். அத சரி பண்ண தனி டூல்ஸ், தனி ரிவெட், தனி பசை வேணும், குர்லா சிஎஸ்டி ரோட்ல பத்ரா வேலை பாக்குற தங்கமான கைங்க கூட அத தொடாது. 4 லட்சத்துக்கு வாங்கி வருஷம் 2 லட்சம் கட்ட வேண்டாம் மாப்ளன்னு அந்த பேச்ச அங்கயே முடிச்சுட்டேன்.

நாலாவது புனேவுல 2014 போலோ, எம்ஹெச் 14, 1.2 பெட்ரோல், மேனுவல், 67,000 ஓடினது. போலோவும் வென்டோவும் புனே பக்கத்துல சாக்கன்ல செஞ்ச வண்டிங்க, இங்க விக்கும்போதே கால்வனைஸ்ட் பாடி, 6 வருஷம் ஆண்டி பெர்ஃபரேஷன் வாரண்டின்னு சொல்லித்தான் வித்தாங்க. அந்த வாரண்டி வார்த்தைய சரியா புரிஞ்சுக்கணும், பெர்ஃபரேஷன்னா உள்ளேர்ந்து அரிச்சு வெளிய ஓட்டை விழுறது மட்டும்தான், மேல வர்ற துருவோ கல்லடி பட்ட இடமோ அதுல வராது. நமக்கு இப்ப அந்த வாரண்டி காலாவதி. ஆனா ஒரு கம்பெனி 6 வருஷம் ஓட்டை விழாதுன்னு எழுதிக் கொடுக்குறான்னா தகரத்துல என்ன போட்டிருக்கோம்னு தெரிஞ்சுதான் கொடுக்குறான், அத நான் பெருசா மதிக்கிறேன்.

சனிக்கிழம காலையில கிளம்பி பிம்ப்ரில ஒரு கேரேஜ்ல 500 ரூபா கொடுத்து லிஃப்ட்ல ஏத்தினோம். டார்ச் அடிச்சு அடியில ஒவ்வொரு ஜாயிண்ட்டா பாத்தேன். ரன்னிங் போர்டுக்கு கீழ தகரமும் தகரமும் சேர்ற விளிம்பு இருக்கே, ஜாக்கி வைக்கிற இடம், அங்கதான் எந்த வண்டியும் முதல்ல காட்டிக் கொடுக்கும், ஏன்னா பஞ்சர் கடையில ஜாக்கி வச்சு வச்சு கோட்டிங் நசுங்கி போயிருக்கும். இதுலயும் நசுங்கி இருந்துச்சு, இரும்பு வெளிய தெரிஞ்சுது. பதினோரு வருஷத்துக்கு அங்க என்ன இருந்திருக்கணும்? செதில் உரிஞ்சு விரல் விட்டா உதிரணும். இருந்தது சாம்பல் கலர்ல மங்கலா ஒரு படலம், ஓரத்துல நூல் மாதிரி லேசா ஒரு செம்மை, நகத்தால சுரண்டினேன், உதிரல. ஜிங்க் தன்ன கொடுத்து இரும்ப காப்பாத்தின இடத்த அவ்வளவு கிட்டத்துல நான் அன்னிக்குத்தான் பாத்தேன். மாப்ளய கூப்பிட்டு விரல வச்சு தடவ சொன்னேன், அவருக்கு முதல்ல புரியல, பக்கத்து லிஃப்ட்ல நின்ன வேற வண்டியோட அதே இடத்த காட்டினேன், அப்புறம் ஒண்ணும் பேசல.

சைலன்சர் பின் பாக்ஸ் மட்டும் இத்துப்போயிருந்துச்சு, அது எந்த வண்டியிலயும் வர்றதுதான், கிட்ட கிட்ட ஓட்டினா உள்ள தண்ணி ஆவி தங்கி உள்ளேர்ந்து அரிக்கும், மாத்திக்கலாம். பிரேக் டிஸ்க்ல காலையில தெரியுற செந்துருவ பாத்து பயப்படவே வேண்டாம், நாலு பிரேக் அடிச்சா போயிரும். பயப்பட வேண்டியது அடியில ஓடுற பிரேக் பைப், அதுல செதில் இருந்தா விலை எவ்வளவு கம்மின்னாலும் மாத்தாம ஓட்டாதீங்க.

போலோவுல குறையே இல்லன்னு சொல்லல. பார்ட்ஸ் விலை கூட, 2022லயே இங்க உற்பத்தி நிறுத்திட்டாங்க, பழைய ஏழு கியர் ட்ரை கிளட்ச் ஆட்டோமேட்டிக் வாங்கி பாடி நல்லா இருந்தும் கியர்பாக்ஸால வித்தவங்கள எனக்கே தெரியும், அதனாலதான் மேனுவல்னு பிடிவாதமா இருந்தேன். நெரூல் வண்டி சர்வீஸ் செலவு இதுல பாதிதான் ஆகும். மாசா மாசம் கொஞ்சம் கூட கொடுத்துட்டு வண்டிய முழுசா வச்சிருக்கணுமா, மாசம் மிச்சம் பிடிச்சுட்டு நாலு வருஷத்துல ஃப்ளோர் வெட்டி ஒட்டணுமா, கணக்கு அதுதான். அதே மாப்ள கடல விட்டு உள்ள தள்ளி முலுண்ட்லயோ டோம்பிவிலிலயோ, பில்டிங்குக்கு அடியில இருக்குற ஸ்டில்ட் பார்க்கிங்ல நிப்பாட்டுறவரா இருந்தா, கடலோரத்துல நிக்காத ஒரு சின்ன பெட்ரோல் வண்டியவே எடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.

நம்பர் பிளேட்ட படிக்க கத்துக்கோங்க. எம்ஹெச் 12, 14, 15 எல்லாம் புனே, பிம்ப்ரி, நாசிக், மேட்டுப் பகுதி, வறண்ட காத்து. எம்ஹெச் 02, 43, 06, 08 எல்லாம் அந்தேரி, வாஷி, ராய்காட், ரத்னகிரி, கடல் வாடை. நம்பர் மட்டும் போதாது, புனே நம்பர் வண்டி ஆறு வருஷம் வெர்சோவாவுல நின்னிருக்கலாம், சர்வீஸ் ஹிஸ்டரில எந்த ஊர் ஒர்க்ஷாப்னு பாருங்க. மகாராஷ்டிராவுக்குள்ளயே வாங்கினா வேற ஸ்டேட் வண்டி மாதிரி ரோட் டாக்ஸ் மறுபடி கட்டுற தொல்லையும் இல்ல.

இன்னொண்ணு வெள்ளத்துல நின்ன வண்டி. 2005 ஜூலை 26 இந்த ஊர்ல யாருக்கும் மறக்காது, சாந்தாகுருஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர், அதே நாள் கொலாபாவுல 73தான். அந்த அளவுக்கு இல்லன்னாலும் ஹிந்த்மாதா, மிலன் சப்வே, கிங்ஸ் சர்க்கிள்னு வருஷா வருஷம் வண்டிங்க முழுகுது, கழுவி காய வச்சு அக்டோபர்ல விக்க வருது. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, கடைசி அடியில சேத்துக்கோடு தெரியும். சீட்டுக்கு அடியில போல்ட்டு, ரெயில் துருப்பிடிச்சிருக்கா, டிக்கியில ஸ்டெப்னிய தூக்கி அந்த குழியில தண்ணி நின்ன தடம் இருக்கான்னு பாருங்க. இந்த மூணு இடத்தையும் கழுவுறவன் யாரும் கழுவுறதில்ல.

இப்ப கோட்டிங் பத்தி, ஏன்னா எல்லாரும் கேக்குறது இது. கறுப்பா ரப்பர் மாதிரி அடிக்கிற அண்டர்பாடி கோட்டிங் புது வண்டிக்கு, சுத்தமான தகரத்துக்கு நல்லது. துருப்பிடிச்ச வண்டி மேல அடிச்சா ஈரத்த உள்ள வச்சு பூட்டு போட்ட மாதிரி, வெளிய கறுப்பா அழகா இருக்கும், உள்ள அரிச்சுட்டே இருக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டியில அடியில புத்தம் புதுசா கறுப்பு கோட்டிங் இருந்தா எனக்கு சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். நாங்க போலோவுக்கு அத அடிக்கவே இல்ல. நல்லா ப்ரஷர் வாஷ் பண்ணி, ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு, ஜாக்கி பாயிண்ட்ல ஜிங்க் ப்ரைமர் தொட்டு, கதவுக்குள்ள, ரன்னிங் போர்டுக்குள்ள, டிக்கி மடிப்புக்குள்ள நீளமான குழாய் விட்டு கேவிட்டி வேக்ஸ் அடிச்சோம், மொத்தம் 7,500 ரூபா ஆச்சு. மெழுகு மடிப்புக்குள்ள ஊறி போகும், கீறல் விழுந்தாலும் திரும்ப மூடிக்கும், அதுதான் அதோட நல்ல குணம்.

எங்க அப்பா ஆண்டாப் ஹில்ல பத்மினி டாக்ஸி ஓட்டினவரு. மே மாசம் கடைசி ஞாயிறு, டாக்ஸி ஸ்டாண்ட்ல எல்லாரும் சேந்து பழைய இன்ஜின் ஆயில ப்ரஷ்ல தொட்டு வண்டிக்கு அடியில பூசுவாங்க, எனக்கு எட்டு வயசு, டப்பா பிடிச்சுட்டு நிப்பேன். ஃப்ளோர் போனா பத்ரா வெட்டி வெல்டு வச்சு ஒட்டிட்டு அடுத்த நாளே சவாரி. குர்லா ஃபேக்டரில செஞ்ச வண்டி, எந்த தெரு ஒர்க்ஷாப்லயும் ஒட்டலாம், அப்படி ஒட்டி ஒட்டித்தான் 2023 அக்டோபர் வரைக்கும் கடைசி பத்மினி டாக்ஸி இந்த ஊர்ல ஓடுச்சு. ஆனா அந்த பழைய ஆயில் வேலைய இப்ப யாரும் செய்யாதீங்க, சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் ஊதி கெட்டுப் போகும், ஆயில் மழையில கழுவி சாக்கடைக்குத்தான் போகும்.

அப்பா செஞ்ச இன்னொரு வேலைய மட்டும் நான் விடல. தேங்கா விளக்கமாத்துக் குச்சி ஒண்ண எடுத்து, கதவோட அடி விளிம்புல இருக்குற சின்ன சின்ன ஓட்டையெல்லாம் குத்தி விடுவாரு. கதவுக்குள்ள கண்ணாடி வழியா இறங்குற மழைத்தண்ணி வெளிய போறதே அந்த ஓட்டை வழியாத்தான், சேறு அடைச்சா தண்ணி கதவுக்குள்ளயே நிக்கும், திறக்கும்போது "களக் களக்"குன்னு சத்தம் கேக்கும், அந்த சத்தம் கேட்டா அன்னிக்கே குத்தி விடுங்க. வைப்பருக்கு அடியில இலை அடைக்கிற இடம், ஏசி தண்ணி வெளிய போற குழாய், சன்ரூஃப் இருந்தா அதோட நாலு மூலை குழாய், இதெல்லாமும் அதே கதைதான். என் வெர்சோவா வண்டியில அந்த ஸ்பான்ஜ் நனைஞ்சதுக்கு காரணம் கூட அடைச்சுப்போன ஏசி குழாய்தான்னு ரொம்ப லேட்டா தெரிஞ்சுது, கடல் காத்து பாதி, அந்த சுண்டு விரல் தடி ரப்பர் குழாய் பாதி. அதுக்கு மேல நான் ரப்பர் மேட் வேற போட்டு ஈரத்த மூடி வச்சிருந்தேன். மழை நாலு மாசமும் மேட்ட வாரம் ஒரு தடவ வெளிய எடுத்து கார்பெட்டுக்கு அடியில கைய விட்டு தொட்டு பாருங்க, ஈரம் இருந்தா அன்னிக்கே கதவ திறந்து போட்டு ஃபேன் வைங்க. இன்சூரன்ஸ் துருவுக்கு ஒரு பைசா தராது, அத நம்பி இருக்காதீங்க.

போலோவ 3 லட்சத்து 65 ஆயிரத்துக்கு பேசி முடிச்சோம், சைலன்சருக்கு கொஞ்சம் கழிச்சு. இந்த மழைக்காலம் முழுக்க வாஷில திறந்த வெளியிலதான் நின்னுச்சு. மாப்ள வாரா வாரம் கார்பெட்ட தொட்டு பாத்துட்டு "காஞ்சிருக்கு மச்சான்"னு ஒரு மெசேஜ் போட்டாரு, பதினேழு வாரம், ஒரு வாரம் கூட தவறல. அக்டோபர் ரெண்டாவது ஞாயிறு லிஃப்ட்ல ஏத்த நாள் குறிச்சிருக்கோம், அந்த ஜாக்கி பாயிண்ட்ட பிம்ப்ரில எடுத்த போட்டோவோட பக்கத்துல வச்சு பாக்கணும்.